மணக்கடவிலிருந்து எர்ணாகுளம் வரை: நீதிபதி கிருஷ்ணய்யரின் வழியில் ஐந்து நாள்

முதல் நாள்: மணக்கடவு, பாலக்காடு

காலை ஆறரைக்கே அப்பா வேட்டி மாற்றி, மஞ்சள் பையில் துண்டும் மாத்திரை டப்பாவும் எடுத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தொரு வயதில் அவர் கேரளாவுக்குள் போவது இது நான்காவது தடவை. முதல் மூன்றும் குருவாயூர். இந்த முறை கோயிலுக்கு இல்லை. வி.ஆர். கிருஷ்ணய்யர் என்ற மனிதர் வாழ்ந்த ஊர்களைப் பார்க்கப் போகிறோம்.

எப்படிக் கிளம்பினோம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஜாமீன் வழக்கு பார்த்தேன். பீகார் பையன், இருபது வயது, சென்ட்ரிங் வேலை செய்பவன். செல்போன் திருட்டு என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரு நபர் ஜாமீன் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அவனுடைய ரத்த உறவு முழுக்க ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் இன்னும் பத்தொன்பது நாள் உள்ளேயே கிடந்தான். நிபந்தனைத் தளர்வு மனு போட்டு, 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மோதிராம் வழக்குத் தீர்ப்பை எடுத்துக் காட்டி, ஜாமீன்தார் இல்லாமல் சொந்த ஜாமீனில் வெளியே கொண்டுவந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். "யாரு அம்மிணி அந்தத் தீர்ப்பு எழுதுனது?" என்றார். கிருஷ்ணய்யர், அதற்கு முன்னால் கேரளாவில் மந்திரி, சட்டம், மின்சாரம், நீர்ப்பாசனம், சிறை எல்லாம் அவர் கையில் இருந்தது என்றேன். அப்பா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "எந்த வருசம்?" 1957லிருந்து 59 வரை என்றேன். "அப்ப நம்ம பி.ஏ.பி. தண்ணி பேசுனப்ப இவருதான் அந்தப் பக்கமா?"

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து விவசாயியிடம் இதற்கு மேல் சொல்லிப் புரியவைக்க எதுவும் இல்லை. எங்கள் தோட்டம் திருமூர்த்தி அணைப் பாசனம். நான்கு மண்டலத்தில் ஒரு மண்டலம். தண்ணீர் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் சுற்று சுற்றாக. தாத்தா காலத்தில் மானாவாரியாகச் சோளம் விதைத்த மண்ணில் இன்று தென்னை நிற்கிறது என்றால், காண்டூர் கால்வாயில் மலையை ஒட்டி வரும் அந்தத் தண்ணீர்தான் காரணம்.

அதனால் முதலில் மணக்கடவு. சித்தப்பா மகன் காரில் கூட்டிப்போனான். ஆனைமலைப் பக்கம், கேரள எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஆழியாற்றின் குறுக்கே இருக்கும் தடுப்பணை. பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. தண்ணீர் ஒரே சீராக வழிந்து, கீழே பாறையில் நுரைத்து, மேற்கே போகிறது. அப்பா ஓரமாகக் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார். இந்த இடத்தில் அளந்துதான் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துச் சித்தூர்ப்புழைக்கு நாம் விட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"நம்ம வாய்க்கா காஞ்சு கிடந்த வருசத்துலயும் இங்க உட்டுத்தான இருப்பாங்க" என்றார். அந்தக் குரலில் பழைய கோபம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் கோபம்தான் அது. ஆனால் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் சொன்னேன். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. கட்டியதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டிய தண்ணீரைத் திருப்பிக் கிழக்கே கொண்டுவர இன்னொரு மாநிலம் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமா? அப்போது இரண்டு மாநிலமும் பிறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் காமராஜர் ஆட்சி, காங்கிரஸ். அந்தப் பக்கம் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சி, கம்யூனிஸ்ட். முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது 1970 மே 29இல்தான். ஆனால் அது 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த 1958 என்ற தேதியின் பின்னணியில்தான் கிருஷ்ணய்யர் காலத்துப் பேச்சுவார்த்தை இருக்கிறது.

அப்பா எழுந்து துண்டை உதறினார். "சரி, வா. அவரு ஊரப் பாப்போம்."

கோபாலபுரம் தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளமாகிவிட்டன. பேச்சு என்னவோ சித்தூர் வரைக்கும் தமிழாகவே கேட்டுக்கொண்டிருந்தது. பாலக்காட்டில் வைத்தியநாதபுரம் என்ற அக்ரஹாரத்தில் பிறந்தவர் கிருஷ்ணய்யர். வீட்டுமொழி தமிழ். அப்பா ராமய்யர் வக்கீல். பாலக்காட்டின் இந்த அக்ரஹாரங்களை 'கிராமம்' என்றுதான் இங்கே சொல்கிறார்கள். சாயங்காலம் கல்பாத்தி விசுவநாதர் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய. பக்கத்தில் இரண்டு பாட்டிமார் பாலக்காட்டுத் தமிழில் மாவடு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மலையாள இழுப்பு. அப்பா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இவங்க நம்ம ஆளுங்களா, அவங்க ஆளுங்களா?" என்றார்.

இரண்டாம் நாள்: தலச்சேரி

ஒலவக்கோட்டில் ரயில் ஏறினோம். பட்டாம்பி, குற்றிப்புரம், திரூர் என்று பாரதப்புழையை ஒட்டியே போய், கோழிக்கோட்டுக்கு மேல் கடல் வாசம் வந்துவிடுகிறது. வழியில் மாஹி. கொஞ்ச தூரம் புதுச்சேரி ஆட்சி, ஒரு பாலத்தைத் தாண்டினால் திரும்பக் கேரளா. மழை விடாமல் பெய்தது.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி, அப்புறம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அப்புறம் சென்னை சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு, முப்பதுகளின் கடைசியில் இந்தத் தலச்சேரியில்தான் அப்பாவுடன் சேர்ந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அப்போது மலபார் முழுக்கச் சென்னை மாகாணம். அந்த நாளில் சென்னையில் படித்த ஒருவருக்குத் தலச்சேரி வெளியூரே இல்லை.

நீதிமன்றம் கடலோரத்தில் இருக்கிறது. 1802இல் தொடங்கிய நீதிமன்றம். பழைய ஓட்டுக் கட்டடங்கள் ஒரு பக்கம், இப்போது எழுப்பிய பல மாடிக் கட்டடம் ஒரு பக்கம். எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வராண்டாவைத்தான். வழக்கின் உண்மையான நேரம் அங்கேதான் போகிறது. இங்கேயும் அப்படியே. நனைந்த குடைகளைச் சுவரோரம் விரித்து வைத்துவிட்டு, பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் தூணில் சாய்ந்து நின்றார்கள். ஒரு அம்மா பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு, வரி ரசீது எல்லாம் மடித்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். யாருக்கோ ஜாமீன் நிற்க வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பிடி தெரியும்.

நானும் வக்கீல் என்று தெரிந்ததும் ஒரு வயதான குமாஸ்தா எங்களை உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்தார். கிருஷ்ணய்யர் பெயரைச் சொன்னதும், "சுவாமி" என்று சொல்லிக் கையைத் தூக்கி ஒரு கும்பிடு. தமிழ் ஐயர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பேசிய மலையாளத்தில் எனக்குப் புரிந்தது பாதிதான், ஆனால் அப்பாவுக்கு என்னவோ முழுக்கப் புரிந்துவிட்டது.

நாற்பதுகளில் வட மலபாரில் குத்தகை விவசாயிகள் கிளர்ந்து எழுந்த காலம். கரிவெள்ளூர், காவும்பாயி என்று 1946இல் துப்பாக்கிச்சூடு நடந்த ஊர்கள் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம்தான். கைதானவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்க எல்லா வக்கீலும் முன்வரவில்லை. இவர் நின்றார். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டில் இவரையே பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்துவிட்டார்கள். கைதானவனுக்காகக் கோர்ட்டில் நின்றதற்கு வக்கீலுக்குச் சிறை. பதினாறு வருடம் இந்தத் தொழில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நம்மில் பலர் அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு சிவில் வழக்கு மட்டும் போதும் என்று ஒதுங்கியிருப்போம்.

அவர் தேர்தலில் நின்றார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு. ராஜாஜி முதல்வராக இருந்த அந்தச் சபையில் மலபார் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நம் பக்கத்தில் இப்போது யாருக்கும் நினைவில்லை. 1957இல் தலச்சேரியிலிருந்து கேரளச் சட்டமன்றத்துக்கு. இரண்டு முறையும் சுயேச்சை. இரண்டாவது தடவை கம்யூனிஸ்ட் ஆதரவோடு. 1957 ஏப்ரல் 5இல் இ.எம்.எஸ். அமைச்சரவை பதவியேற்றபோது பதினொரு பேரில் இவரும் ஒருவர்.

இரவு சாப்பாடு தலச்சேரி பிரியாணி. கைமா அரிசி, பொடிசாக இருக்கும். அப்பாவுக்கு நம்ம ஊர் சம்பா அரிசிதான் உசத்தி. பாதியை எனக்குத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள்: கண்ணூர், பெரளசேரி, கூத்துப்பறம்பு

காலையில் கண்ணூர் மத்திய சிறை வாசல். 1869இல் கட்டியது. உள்ளே போக நமக்கு வேலை இல்லை. வெளியே கைதிகள் செய்த சாப்பாடு விற்கும் கவுண்டர் இருக்கிறது. சப்பாத்தியும் குருமாவும் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சப்பாத்தி இன்னும் சூடாக இருந்தது. ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு அப்பா அந்த மதில் சுவரையே பார்த்தார். "இத சுட்டவன் என்ன பண்ணிட்டு உள்ள போயிருப்பான்?" என்றார். தெரியலைங்கப்பா என்றேன். "நல்லா சுட்டிருக்கான்."

இந்த இடத்தில்தான் நான் இந்தப் பயணத்தில் முக்கியம் என்று நினைப்பதை எழுத வேண்டும். கிருஷ்ணய்யர் சிறையை மூன்று வாசல் வழியாகப் பார்த்தவர். 1948இல் உள்ளே இருந்தார். 1957இல் சிறைத்துறைக்கே அமைச்சரானார். கைதிகளின் நிலைமையைச் சீர்திருத்த முயன்றார், ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைக்கும் விதிகளை அந்த 57லேயே கொண்டுவந்தார். 1978இலும் 79இலும் உச்ச நீதிமன்றத்தில் சுனில் பத்ரா வழக்குகளில் தீர்ப்பு எழுதினார்.

சுனில் பத்ரா திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. முதல் வழக்கு, தூக்கு உறுதியாகும் முன்பே அவரைத் தனிமைச் சிறையில் அடைத்தது பற்றியது. இரண்டாவது வழக்கு எப்படி வந்தது என்பதுதான் விஷயம். பக்கத்துக் கைதி ஒருவனை வார்டர் காசு கேட்டுக் கொடூரமாகச் சித்திரவதை செய்தான் என்று பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, கோர்ட் ஸ்டாம்ப் இல்லை, வெறும் கடிதம். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். சிறைக்குள் போகிறவன் தன் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்று தீர்ப்பு எழுதினார் கிருஷ்ணய்யர். சிறைகளை நீதிபதிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கைதி புகார் போடப் பெட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. ஒரு மாதம் உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் புகார்ப் பெட்டி எதற்கு என்று தெரியும் என்பது என் எண்ணம். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் விசாரணைக் கைதிகளுக்கு வழக்கம் போலக் கைவிலங்கு மாட்டக்கூடாது என்றதும் இவர்தான். எங்கள் கோர்ட் வராண்டாவில் போலீஸ்காரர் கைதியின் கையை விரலோடு விரல் கோத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே. அந்தத் தீர்ப்பின் விளைவு அது.

கண்ணூரிலிருந்து கூத்துப்பறம்பு போகும் வழியில் பெரளசேரி. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊர். 1950இல் 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' வழக்கு, சட்டம் படித்த எல்லோருக்கும் முதல் வருடப் பாடம். தடுப்புக்காவல் சட்டத்தில் அடைத்ததை எதிர்த்து ஏ.கே.ஜி. போட்ட வழக்கு. முறைப்படி ஒரு சட்டம் இருந்தால் போதும், அது நியாயமான சட்டமா என்று கோர்ட் பார்க்காது என்ற அளவில் முடிந்துபோனது. இருபத்தெட்டு வருடம் கழித்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில் ஏழு நீதிபதிகள் அந்தப் பார்வையை மாற்றினார்கள். உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஏழு பேரில் கிருஷ்ணய்யர் ஒருவர். பெரளசேரிக்காரர் தோற்ற வழக்கு, பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தவர் உட்கார்ந்த அமர்வில் திரும்பியிருக்கிறது. பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஊர்ப் பலகையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கூத்துப்பறம்பில் இறங்கி டீ குடித்தோம். கடைவீதி, மழை, நிறையக் கொடிக் கம்பங்கள். திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள்: எர்ணாகுளம்

கண்ணூரிலிருந்து காலை வண்டி. வழியெல்லாம் அப்பா ஒரு கேள்வியைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "கட்சிக்காரன எப்படி அம்மிணி ஜட்ஜா போட்டாங்க?"

நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1959 ஜூலை 31இல் மத்திய அரசு இ.எம்.எஸ். ஆட்சியைக் கலைத்தது. மறு மாதமே கிருஷ்ணய்யர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தொழிலுக்குத் திரும்பிவிட்டார். 1960 தேர்தலில் மிகச் சொற்ப வாக்கில் தோற்றதாக அறிவித்தார்கள், வழக்கு நடத்தி அதை மாற்றினார். 1965இல் நின்று தோற்றார். அதோடு சட்டமன்றத் தேர்தல் வாழ்க்கை முடிந்தது. 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அப்போது மறுபடியும் இ.எம்.எஸ்.தான் முதல்வர். சந்தேகம் வராமல் இருக்குமா? 1971இல் சட்ட ஆணைய உறுப்பினர், 1973இல் உச்ச நீதிமன்றம். அப்போது சோலி சொராப்ஜி உட்பட பம்பாய் வக்கீல்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே சொராப்ஜி பிற்பாடு தான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

எல்லா அரசியல்வாதியும் இப்படி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து நீதிபதியானவர், உச்ச நீதிமன்றம் வரை வந்தவர். 1983இல் ஓய்வு பெறச் சில வாரம் இருக்கும்போது ராஜினாமா செய்துவிட்டு, அதே வருடம் திரும்பக் காங்கிரஸ் உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனார். அதனால் கட்சியிலிருந்து நேராகப் பெஞ்சுக்கு வருவது ஆபத்தான வழி என்பதே என் கருத்து. கிருஷ்ணய்யரை வைத்து அந்த வழியை யாரும் நியாயப்படுத்தினால் எதிர்த்து வாதாடுவேன்.

ஆனால் இவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. கோடை விடுமுறை. உச்ச நீதிமன்றத்தில் விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். மேல்முறையீடு விஷயமாகச் சட்ட அமைச்சர் கோகலே நேரில் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். பார்க்க வேண்டியதில்லை, மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு தரப்பில் நானி பால்கிவாலா, இன்னொரு தரப்பில் சாந்தி பூஷண். ஜூன் 24இல் உத்தரவு: பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்துக்குள் வரலாம், பேசலாம், உறுப்பினராக வாக்களிக்க முடியாது. அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டவருக்குப் பாதித் தடை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்துவிட்டது. இவர் தடையே கொடுத்திருக்கக் கூடாது என்று திட்டுகிறவர்களும் உண்டு, முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்கிறவர்களும் உண்டு. சட்டப்படி அந்த நிலைமையில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த உத்தரவுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மத்தியானம் உயர் நீதிமன்றம். இப்போது இருப்பது 2006இல் வந்த உயரமான கட்டடம். கிருஷ்ணய்யர் உட்கார்ந்திருந்த காலத்தில் ராம்மோகன் அரண்மனையில் நடந்தது. அப்பா லிப்டில் மேலே போய்க் காயலைப் பார்த்தார். கட்டுமரமும் கப்பலும் ஒரே தண்ணீரில்.

கொச்சி என்றதும் எனக்கு நினைவு வருவது ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின், 1980. கடன் கட்டாதவரைச் சிவில் சிறையில் போடலாமா என்ற வழக்கு. பணம் இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு, உண்மையிலேயே இல்லாதவன் வேறு. இல்லாமை குற்றம் ஆகாது, வெறும் வறுமைக்காக ஒருவனைச் சிறையில் தள்ள முடியாது என்று எழுதினார். அப்பாவுக்கு இதை விளக்கியபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய தம்பி ஒருவர், என் சின்னச் சித்தப்பா, கோழிப்பண்ணைக் கடனில் மாட்டி ஊரைவிட்டே போனவர். அந்த ஞாபகம்.

ஓய்வுக்குப் பிறகு கிருஷ்ணய்யர் இருந்தது எர்ணாகுளம் எம்.ஜி. ரோடில், 'சத்கமயா' என்ற வீட்டில். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு. 2014 டிசம்பர் 4இல் மறைவு. நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இடையில் முப்பத்துநான்கு வருடம். பதவி எதுவும் வாங்கிக்கொண்டு எந்த மாளிகைக்கும் போகவில்லை. 1987இல் எதிர்க்கட்சிகள் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தின. எதிரே நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன். வாக்கு மதிப்பில் 7,40,148க்கு 2,81,550. தோல்வி. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே நின்றிருப்பார். சிறைப் பெண்களின் நிலையை ஆராயும் குழு, கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையம், 2002 குஜராத் கலவரத்தை விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயம் என்று கடைசி வரைக்கும் வேலை.

எம்.ஜி. ரோடில் ஒரு நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தோம். மெட்ரோ தலைக்கு மேல் போனது. அப்பாவுக்குக் கால் வலி. விடுதிக்குத் திரும்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வண்டி

திருச்சூர் தாண்டியதும் அப்பா, "அந்தத் தீர்ப்பு உன்கிட்ட இருக்குதா? படிச்சுக் காட்டு" என்றார்.

போனில் மோதிராம் தீர்ப்பைத் திறந்தேன். கிருஷ்ணய்யரின் ஆங்கிலம் லேசானதில்லை. அகராதி இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது என்று வக்கீல்கள் எல்லோரும் சொல்வோம். ஏழைக்காக எழுதுகிறவர் ஏழையின் வக்கீலுக்காவது புரியும்படி எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இந்தத் தீர்ப்பில் சில பத்திகள் தெளிந்த தண்ணீர். ஒவ்வொரு வரியாக நம் பேச்சில் மாற்றிச் சொன்னேன்.

மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழ்க்கோர்ட் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். அவனுடைய சகோதரன் ஜாமீன் நிற்க வந்தான். சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்ள முடியாது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். கொத்தனார் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினான். கொத்தனாரையும் கோடீஸ்வரனையும் ஒரே தராசில் வைத்தால் அநியாயம் தவிர வேறென்ன நடக்கும் என்று கேட்கிறார் கிருஷ்ணய்யர். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் போதும், விடுங்கள் என்கிறார். அப்புறம் ஒரு கேள்வி. ஒரு மலையாளியோ கன்னடக்காரரோ தமிழரோ ஆந்திரக்காரரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேயரிலோ பஹல்காமிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்து இருக்கிற ஜாமீன்தாருக்கு எங்கே போவார்?

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இரு. அந்த எடத்த இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"அப்ப நம்மாளு ஒருத்தன் அங்க போய் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு இவரு அன்னைக்கே யோசிச்சிருக்காரு. அங்கத்த பையன் நம்மூர்ல வந்து மாட்டுனதும் அதேதான?"

"அதேதானுங்கப்பா."

"அந்தப் பையன் இப்ப எங்க?"

திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, வாய்தாவுக்கு ஒழுங்காக வருகிறான், அடுத்த வாய்தா வெள்ளிக்கிழமை என்றேன். வந்தால் வீட்டுக்குக் கூட்டி வா, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலக்காட்டுக் கணவாயின் காற்று வண்டிக்குள் அடித்தது. வயல்களில் நெல் பச்சையாக நின்றது.

"இது அந்த மணக்கடவுத் தண்ணியா இருக்குமா அம்மிணி?"

இந்தப் பக்கம் அது வராது, மலம்புழைத் தண்ணீராக இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருந்தாலும் அவர் ஒவ்வொரு வாய்க்காலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.